பழைய மடிக்கணினி, புதிய எஸ்எஸ்டி, 30 வினாடி உறைவு

என் பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளாலான சேமிப்பகம்) மாட்டிய மூன்றாம் நாள் மாலை, ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரையில் எழுத்துகள் வருவது நின்றது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி நகர்ந்தது. ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லை. மூலையில் இருந்த கடிகாரம் 7:42-இலேயே நின்றிருந்தது. மடிக்கணினியின் முன்விளிம்பில் உள்ள வட்டு விளக்கு, வழக்கம்போல் மினுக்காமல், ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோன நேரத்தில் எல்லாம் ஒருசேர உயிர்பெற்றது. இடையில் நான் அடித்திருந்த இரண்டு வரிகளும் மளமளவென்று வந்து விழுந்தன, சொடுக்கிய சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன, கடிகாரம் 7:43-க்குத் தாவியது.

அது 2011-ஆம் ஆண்டு மடிக்கணினி. அதில் இருந்தது நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்த வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகும். அதோடு படிக்கும் முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், வட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் துணுக்குகளை அதனால் வினாடிக்கு நூறு தடவைகூட எட்டிப்பிடிக்க முடியாது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றுவதைப்போல் பலன் தரும் காரியம் வேறொன்றும் இல்லை என்று நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன். முதல் இரண்டு நாள் அந்தப் பலனைக் கண்கூடாகப் பார்த்தேன்: ஒன்றரை நிமிடத்துக்குமேல் எடுத்துக்கொண்ட தொடக்கம் 20 வினாடிக்குள் முடிந்தது. ஆகவே மூன்றாம் நாள் உறைந்தபோது ஏமாற்றம் பெரிதாக இருந்தது.

முதல் இரவு நான் செய்தது தவறான அணுகுமுறை. புதிதாக வந்தது எஸ்எஸ்டி, ஆகவே கோளாறும் அதில்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட அறிவுரைகளையெல்லாம் ஒரே மூச்சில் செய்து பார்த்தேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஓர் அமைப்பை மாற்றினேன், நான் பயன்படுத்தும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலைப் புதுப்பித்தேன், ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் ஸ்வாப் பகுதியை நிறுத்தினேன். மறுநாள் காலை வரை உறையவில்லை. மதியம் மறுபடி உறைந்தது. இப்போது எது உதவியது, எது உதவவில்லை, எது புதிய தொல்லையைக் கொண்டுவந்தது என்று எதுவுமே எனக்குத் தெரியாது. மூன்றையும் பழையபடி மாற்றிவிட்டு, கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டில் ஒருமுறை படியெடுத்துக்கொண்டு, கழற்றிய ஹார்டு டிஸ்க்கை அப்படியே தொடாமல் எடுத்துவைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

அந்த நோட்டுதான் கடைசியில் வழி காட்டியது. ஒவ்வொரு உறைவுக்கும் ஒரு வரி: எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி நீடித்தது, சார்ஜர் செருகியிருந்ததா, வட்டு விளக்கு எப்படி இருந்தது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன். நேரத்தைக் கைபேசியின் நிறுத்துகடிகாரத்தில் அளந்தேன். மடிக்கணினியின் கடிகாரமே நின்றுபோகும்போது அதை நம்பி அளக்க முடியாது. ஒரு வாரத்தில் 14 வரிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, 30 வினாடிக்கும் 32 வினாடிக்கும் இடையில் நீடித்தவை. ஒன்று, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மீதி நான்கும் மூன்று முதல் ஐந்து வினாடிக்குள் முடிந்த குட்டி உறைவுகள். அவற்றைப் பழைய கணினியின் இயல்பான மந்தம் என்று நினைத்து நான் முதலில் பொருட்படுத்தவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: 30 வினாடி உறைவுகள் அத்தனையும் பேட்டரியில் ஓடும்போது வந்தவை. குட்டி உறைவுகளுக்கு அந்த வேறுபாடு இல்லை.

உறைவு என்று ஒரே பெயரால் சொன்னாலும், எந்த நிலையில் எது உயிரோடு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அம்புக்குறி நகர்ந்தால், கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால், செயலியும் நினைவகமும் கெர்னலும் வேலை செய்கின்றன. வட்டிலிருந்து ஏதோ வரவேண்டியிருக்கிறது, அதற்காக மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று பொருள். பாடிக்கொண்டிருக்கும் பாட்டு சில வினாடி தொடர்ந்து ஒலித்துவிட்டு நிற்பதும் இதே வகைதான். முன்பே நினைவகத்துக்கு வந்துவிட்ட பகுதி தீரும்வரை அது ஓடும். கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை, அம்புக்குறியும் அசையவில்லை, எவ்வளவு காத்திருந்தாலும் மீளவில்லை என்றால் அது வேறு கோளாறு. அங்கே ரேம், வெப்பம், கிராபிக்ஸ் இயக்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி மாற்றும்போதே பலர் ரேமையும் கூட்டிவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால், வேறு எதையும் தொடுவதற்குமுன் மெம்டெஸ்ட் போன்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

என் உறைவு முதல் வகை. அதிலும் அந்த 30 என்ற எண் சும்மா வந்ததாகத் தோன்றவில்லை. வன்பொருள் தேய்ந்து பழுதாகும்போது உறைவு நான்கு வினாடி, பதினேழு வினாடி, ஐம்பது வினாடி என்று ஒழுங்கில்லாமல்தான் வரும். முழு எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால், யாரோ எங்கோ ஒரு காத்திருப்பு நேரத்தை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். லினக்ஸில் அது உண்மையும்கூட: ஒரு வட்டுக்குக் கட்டளை அனுப்பிய பிறகு பதிலுக்காகக் கெர்னல் காத்திருக்கும் இயல்பு நேரம் 30 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால், அந்தக் கட்டளையைக் கைவிட்டு, இணைப்பை முழுவதுமாக மீட்டமைத்து, வட்டு மறுபடி தன்னை அறிவித்த பிறகு நின்றுபோன வேலைகளை மீண்டும் அனுப்பும். எல்லாம் ஒருசேர உயிர்பெற்றது இதனால்தான். ஒரு நிமிட உறைவில் இந்தச் சுற்று இரண்டுமுறை நடந்திருக்கிறது.

விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு இதே நிகழ்வு ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில், 129 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கையாக நிற்கும். சாதனத்துக்கு ரீசெட் அனுப்பப்பட்டது என்பது அதன் சாரம். மூலமாக மைக்ரோசாஃப்டின் ஏஎச்சிஐ (கணினி வட்டோடு பேசும் முறை) இயக்கியின் பெயரோ இன்டெல் சேமிப்பக இயக்கியின் பெயரோ இருக்கும். உறைந்த நேரமும் அந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால், சந்தேகம் பாதி தீர்ந்தது. 153 என்ற எண் இருந்தால், ஒரு கட்டளையைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது என்று பொருள். 7 என்ற எண் படிக்க முடியாத பகுதியைக் குறிக்கும். அது தென்பட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும்.

என் கெர்னல் பதிவைத் திறந்து, நோட்டில் இருந்த நேரங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒவ்வொரு 30 வினாடி உறைவின் முடிவிலும் அதே ஐந்தாறு வரிகள் இருந்தன. முதலாவது, வட்டைத் தாய்ப்பலகையோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு ‘ஃப்ரோசன்’ (உறைந்தது) என்று சொல்லும் வரி; அடுத்து, நிறைவேறாமல் போன படிக்கும் கட்டளை; பிறகு இணைப்பைக் கடுமையாக மீட்டமைப்பதாக ஒரு வரி; கடைசியில் இணைப்பு வினாடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தில் மீண்டும் எழுந்ததாக ஒரு வரி. முதல் வரியை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள்: ‘ஃபை ரெடி சேஞ்ச்’, ‘காம் வேக்’. இணைப்பின் தயார்நிலை மாறியது, விழித்தெழச் சொல்லும் சைகை போயிருக்கிறது என்று அவை சொல்கின்றன. தூங்கியதால்தானே விழிக்கச் சொல்ல வேண்டும்? யார் அதைத் தூங்கவைத்தது என்ற கேள்வியிலிருந்துதான் விடை கிடைத்தது.

சாட்டா இணைப்புக்குத் தூக்கம் உண்டு. வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு எதுவும் போகாத நேரத்திலும் இருபுறமும் சைகை அனுப்பிக்கொண்டே இருப்பதால் மின்சாரம் வீணாகிறது; அதைத் தவிர்க்க இரண்டு உறக்கநிலைகள் வகுக்கப்பட்டன. ‘பார்ஷியல்’ என்பது லேசான தூக்கம், 10 மைக்ரோவினாடிக்குள் எழுந்துவிட வேண்டும். ‘ஸ்லம்பர்’ ஆழ்ந்த தூக்கம், அதற்கு 10 மில்லிவினாடிவரை அனுமதி உண்டு. தூங்கலாம் என்று தாய்ப்பலகையும் முன்மொழியலாம், வட்டும் முன்மொழியலாம். இதில் வட்டு தானே முன்மொழியும் முறை பழைய ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றில் இல்லை, என்னுடையதிலும் இல்லை. எஸ்எஸ்டியில் இருந்தது. 2013-இல் வந்த சாட்டா 3.2 விவரக்குறிப்பில் இன்னும் ஆழமான ஒரு தூக்கமும் சேர்க்கப்பட்டது. என் மடிக்கணினி அதற்கு முந்தையது. ஆக, அமைதியாக இருந்த பத்தாண்டுப் பழைய கட்டுப்படுத்தியிடம் (தாய்ப்பலகையில் இணைப்பைக் கவனிக்கும் சில்லு), அது இதுவரை கேட்டிராத முறையில் ‘தூங்குவோமா’ என்று ஒரு புதிய வட்டு கேட்கத் தொடங்கியிருக்கிறது. சில வேளைகளில் இருவரும் தூங்கிவிட்டு, எழுவதில் ஒருவர் பிந்திவிட, அனுப்பிய கட்டளை அந்தரத்தில் நின்றிருக்கிறது. அதற்குத்தான் அந்த 30 வினாடி.

பேட்டரியில் மட்டும் ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருந்தது. பேட்டரியைச் சேமிப்பதற்கென்று நான் முன்பே நிறுவியிருந்த ஒரு மென்பொருள், சார்ஜரைக் கழற்றியவுடன் சாட்டா மின்சேமிப்பை இயக்கிவிட்டு, செருகியவுடன் நிறுத்திவிடும். லினக்ஸ் உலகில் இந்தச் சேமிப்பு நெடுங்காலம் இயல்பாக இயங்காமல்தான் இருந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் 2018-இல் வந்த 28-ஆம் பதிப்பு, மடிக்கணினிகளின் பேட்டரி நேரத்தைக் கூட்டுவதற்காக வட்டும் முன்மொழியும் நடுத்தர மின்சேமிப்பை இயல்பாக்கியது. நல்ல முடிவுதான், பெரும்பாலான வட்டுகள் அதைத் தாங்கின. தாங்காத சில மாடல்களின் பெயரைக் கெர்னல் தனக்குள்ளேயே ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. அவற்றைக் கண்டால் மின்சேமிப்பைத் தானாக விட்டுவிடும். என் எஸ்எஸ்டி அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சேமிப்புக் கொள்கையை, இணைப்பைத் தூங்கவிடாத ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற நிலைக்கு மாற்றினேன். அதை மட்டும்தான் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகும் அது நிலைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் மேலே சொன்ன பேட்டரி மென்பொருள் ஒவ்வொருமுறையும் தன் விருப்பத்தைத் திணித்துவிடும்; அதன் அமைப்புக் கோப்பிலேயே மாற்ற வேண்டியிருந்தது. விண்டோஸில் இதற்கு இணையான அமைப்பு, பவர் திட்டத்தின் மேம்பட்ட பகுதியில் ஹார்டு டிஸ்க் என்பதன்கீழ் ‘ஏஎச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட்’ என்ற பெயரில் உள்ளது. இயல்பில் அது மறைத்துவைக்கப்பட்டிருக்கும். பவர் சிஎஃப்ஜி கட்டளையால் வெளிக்கொணர்ந்து, ‘ஆக்டிவ்’ என்று வைத்தால் இணைப்பு தூங்காது. பேட்டரியில் சிறிதளவு இழப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதுகுப்பையில் நாள் முழுக்க எடுத்துப்போகும் புதிய மடிக்கணினியாக இருந்தால் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேருக்கு (வட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பைத் தேடியிருப்பேன். பத்தாண்டுப் பழைய பேட்டரியில் அந்த இழப்பை நான் உணரவே இல்லை.

அடுத்த பத்து நாளில் 30 வினாடி உறைவு ஒன்றுகூட வரவில்லை. குட்டி உறைவுகள் மட்டும் அப்படியே இருந்தன.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். ஒரு திருத்தம் செய்து பிரச்சினை குறைந்தும் முழுதாகத் தீராதபோது, திருத்தம் தவறு என்று அதைத் திரும்பப் பெறத் தோன்றும். அல்லது எஸ்எஸ்டியே மட்டம் என்று திருப்பிக் கொடுக்கத் தோன்றும். நோட்டு இல்லாவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நோட்டில் இரண்டு கூட்டங்கள் பிரிந்து நின்றன: 30 வினாடிக் கூட்டம் முழுவதும் மறைந்துவிட்டது, மூன்று முதல் ஐந்து வினாடிக் கூட்டம் துளியும் குறையவில்லை. ஒரே கோளாறு பாதி தீர்ந்திருந்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். ஆகவே இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

குட்டி உறைவுகளின் நேரத்தில் பதிவில் இருந்த வரிகளும் வேறாக இருந்தன. அடைப்புக்குறிக்குள் இப்போது ‘பேட் சிஆர்சி’ என்ற சொல் இருந்தது. சாட்டா இணைப்பில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் சிஆர்சி என்ற ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து போகும். மறுமுனையில் கணக்கிட்டுப் பார்க்கும்போது அது பொருந்தாவிட்டால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள். இந்தப் பிழை உடனடியாகக் கண்டுபிடிக்கப்படுவதால் 30 வினாடி காத்திருப்பு இல்லை. இணைப்பை மீட்டமைத்து, அதே கட்டளையைத் திரும்ப அனுப்பும் சில வினாடிகளோடு முடிந்துவிடும். கோப்பும் கெடுவதில்லை. பிழை தொடர்ந்து வந்தால் கெர்னல் இணைப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். என் பதிவிலும் ஓரிடத்தில் வேகம் 3 ஜிகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தப்படுவதாக ஒரு வரி இருந்தது. 6 ஜிகாபிட் என்றால் வினாடிக்கு 600 மெகாபைட், 3 என்றால் 300. அன்றாட வேலையில் இந்த வேறுபாடு தெரியாது என்பதால்தான் அது என் கவனத்துக்கு வராமலே இருந்தது.

வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில் 199-ஆம் இனம் இந்தச் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ், விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஆகியவை அதைக் காட்டும். என் எஸ்எஸ்டியில் அது 37 என்று இருந்தது. பயன்படுத்திய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் அந்த எண் எந்தக் கணினியில் எப்போது ஏறியது என்று சொல்ல முடியாது. என்னுடையது புதிய வட்டு, ஆகவே 37-ம் இந்த மடிக்கணினிக்குள், இந்தச் சில வாரங்களில் சேர்ந்தவை. அதே பதிவில், பழுதான பகுதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 5-ஆம் இனம் பூச்சியமாக இருந்தது. அதாவது வட்டின் உள்ளே எதுவும் கெடவில்லை. வட்டுக்கும் பலகைக்கும் நடுவில்தான் ஏதோ சரியில்லை.

நோட்டில் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்தேன்: உறைவதற்குச் சற்றுமுன் மடிக்கணினி அசைந்ததா? நான்கு நாளில் விடை கிடைத்தது. மேசையில் அசையாமல் இருந்தபோது எதுவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காரும்போதும், ஒரு கையால் இடப்பக்க மூலையைப் பிடித்துத் தூக்கும்போதும் வந்தன. வட்டு இருப்பது அந்த இடப்பக்க மூலையில்தான். 199-ஆம் இனத்தின் எண் 61-க்கு ஏறியிருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, கீழ்மூடியின் திருகுகளை அவிழ்த்துப் பார்த்தேன். எஸ்எஸ்டியின் மேல் விரல்நுனியை வைத்து லேசாக அழுத்தியதும் அது ஒரு மில்லிமீட்டருக்குமேல் கீழே இறங்கியது. விரலை எடுத்தால் மேலே வந்தது. இணைப்பான் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சாட்டாவின் 7 தரவு ஊசிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. 15 மின்ஊசிகள் இருக்கும் மறுபக்கம் நன்றாகப் பொருந்தியிருந்தது. வட்டு ஒருபுறம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

காரணம் தடிமன். அந்தக் காலத்து 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மிமீ தடிமன் கொண்டவை. இன்றைய சாட்டா எஸ்எஸ்டிகள் 7 மிமீ. பக்கவாட்டில் திருகு போட்டு ஓர் உலோகச் சட்டத்துக்குள் வட்டை இறுக்கும் மடிக்கணினிகளில் இந்த வேறுபாடு பொருட்டே இல்லை, ஏனென்றால் திருகுத் துளைகள் வட்டின் அடிப்பரப்பிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். என் மடிக்கணினியில் சட்டம் கிடையாது. வட்டு பள்ளத்தில் கிடக்கும், மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சுப்பட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். 9.5 மிமீ வட்டுக்காக அளவெடுத்த பஞ்சு 7 மிமீ வட்டைத் தொடவே இல்லை. எஸ்எஸ்டி வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். அதன் அடித்தட்டில், நான் கவனிக்காமல் விட்டுவிட்ட ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சட்டகம் இருந்தது: 2.5 மிமீ தடிமன், ஒருபுறம் ஒட்டும் பசை. ஏழும் இரண்டரையும் ஒன்பதரை.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். மூடியைத் தளர்வாக வைத்து, கணினியை இயக்கி, பெரிய கோப்பொன்றைப் படிக்கவிட்டு, இடப்பக்க மூலையை மெல்ல மூன்றுமுறை தூக்கி இறக்கினேன். இரண்டாவது தூக்கலில் விளக்கு நிலைத்து எரிந்தது, நான்கு வினாடியில் மீண்டது. எண் 64. அணைத்துவிட்டு, இணைப்பான்களை உலர்ந்த மென்துணியால் துடைத்து, சட்டகத்தை எஸ்எஸ்டியின் மேற்புறத்தில் ஒட்டி, வட்டை இணைப்பானுக்குள் நேராகத் தள்ளி மூடினேன். மூடியின் கடைசித் திருகை முறுக்கும்போது பஞ்சு அமுங்குவது கையில் தெரிந்தது.

இந்தத் தேடலில் பார்த்துவிட்டுத் தள்ளிய வேறு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மடிக்கணினியில் அவற்றில் ஒன்றே உண்மைக் காரணமாக இருக்கக்கூடும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு கேடி (வட்டைத் தாங்கும் சட்டம்) வைத்து எஸ்எஸ்டியைச் செருகியிருப்பவர்கள், முதல் வேலையாக எஸ்எஸ்டியை முதன்மை வட்டின் இடத்துக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கேடிக்கும் மாற்றிப் பார்க்க வேண்டும். கேடிக்குள் ஓர் இணைப்பான் கூடுதலாக வருகிறது. அதோடு அந்தத் துறை (போர்ட்) பெரும்பாலும் குறைந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. 2011 மாடல்களுக்கு இன்னொரு தனிக் கவலையும் உண்டு. அந்த ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இன்டெல் தன் 6 வரிசைச் சிப்செட்டில் (தாய்ப்பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) ஒரு வடிவமைப்புப் பிழை இருப்பதை அறிவித்தது. அதன் 3 ஜிகாபிட் சாட்டா துறைகள் காலப்போக்கில் நலிவடையக்கூடும். 6 ஜிகாபிட் துறைகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. திருத்திய சிப்செட் சில வாரங்களில் வந்துவிட்டதால் பிழையுள்ளவை சந்தையில் அதிகம் தங்கவில்லை. என் வட்டு 6 ஜிகாபிட் துறைகளில் முதலாவதில் இருந்ததால் இதை ஒதுக்கிவிட்டேன்.

ஃபர்ம்வேரை யாரும் புறக்கணிக்கக் கூடாது. குரூசியல் எம்4 என்ற எஸ்எஸ்டி, மொத்தம் 5184 மணிநேரம், அதாவது சரியாக 216 நாள் இயங்கி முடித்ததும், தொடங்கி ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் பதிலளிக்காமல் போகும்; மறுதொடக்கம் செய்தால் இன்னும் ஒரு மணிநேரம் ஓடும். ஒரு எண்ணியின் பிழை அது. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதை முழுதாகத் தீர்த்தது. கணினி முழுவதையும் பிரித்துப் பார்த்தாலும் அப்படிப்பட்ட பிழை கண்ணில் படாது. புதுப்பிக்குமுன் படியெடுத்துக்கொள்ளுங்கள், சார்ஜரைச் செருகிவைத்துச் செய்யுங்கள்.

பழைய வட்டிலிருந்து நகலெடுத்து வந்தவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, பழைய வட்டில் படிக்க முடியாத பகுதிகள் இருந்திருந்தால், அந்தக் கோப்புகள் சிதைந்தே வந்திருக்கும். அவற்றில் ஒன்று இயங்குதளத்தின் கோப்பாக இருந்தால் புதிய வட்டிலும் தொல்லை தொடரும். விண்டோஸில் சிஸ்டம் கோப்புச் சோதனையை ஒருமுறை ஓட்டுவது போதும். இரண்டாவது, ட்ரிம்: எந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை. வட்டை அடி முதல் முடி வரை அப்படியே நகலெடுத்தால் காலியிடமும் எழுதப்பட்ட இடமாகவே எஸ்எஸ்டிக்குத் தெரியும். தனக்கு வேலைசெய்ய வெற்றிடமே இல்லை என்று அது திணறும். நகலெடுத்து முடித்ததும் ஒருமுறை ட்ரிம் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 7 முதல் ட்ரிம் உள்ளது; இப்படி மொத்தமாகக் கொடுக்கும் வசதி விண்டோஸ் 8 முதல் உள்ளது. லினக்ஸில் கோப்பை நீக்கும்போதெல்லாம் ட்ரிம் செய்யும் முறையைவிட, வாரம் ஒருமுறை மொத்தமாகச் செய்யும் முறையே நல்லது என்பது என் கருத்து. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பகிர்வு (பார்டிஷன்), எஸ்எஸ்டியின் உள்ளமைப்போடு ஒத்துப்போகாத 63-ஆவது பிரிவில் (செக்டர்) தொடங்கியிருந்தால் எழுதும் வேகம் குறையும்; ஆனால் அதனால் கணினி உறைந்து நான் பார்த்ததில்லை.

பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது மட்டும், முதல் சில ஜிபி வேகமாகப் போய்விட்டுப் பிறகு திணறினால், அது கோளாறே அல்ல. மலிவான எஸ்எஸ்டிகள் வேகமான ஒரு சிறு பகுதியில் முதலில் எழுதிக்கொண்டு பின்னர் மெதுவான பகுதிக்கு மாற்றும். அந்தச் சிறு பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. அதை எந்த அமைப்பாலும் திருத்த முடியாது.

சட்டகத்தை ஒட்டி மூடிய நாளிலிருந்து நோட்டில் புதிய வரி எதுவும் எழுதவில்லை. வேகக் கட்டுப்பாடும் நீங்கி இணைப்பு 6 ஜிகாபிட்டிலேயே நிற்கிறது. 199-ஆம் இனத்தின் எண்ணைப் பூச்சியமாக்க வழியில்லை. வட்டு இருக்கும்வரை அது இருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தக் கட்டுரையை எழுத உட்காருமுன், மடிக்கணினியை இடப்பக்க மூலையில் பிடித்துத் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தேன். 64.